கிங்டம் கம் இரண்டாம் பாகம்: 25 மணித்தியாலத்துக்குப் பிறகு



சித்திரை விடுமுறையில் கணக்கு மாஸ்டர் வீட்டு வாசலில் இரவு பத்து மணிக்கும் நாலு சோடி செருப்புக் கிடந்ததைப் பற்றி ஊரில் கன பேர் விசாரித்துவிட்டார்கள். ரியூசன் என்று சிலர் நினைத்தார்கள். கடதாசி விளையாட்டா என்று ஒரு பெரியவர் நேரடியாகவே கேட்டார். இரண்டும் இல்லை, வீடியோ கேம். பெயர் ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’, இரண்டாம் பாகம். 2025 பெப்ரவரி 4ஆம் திகதி வெளிவந்தது. முதல் நாளிலேயே பத்து இலட்சம் பிரதிகள் விற்றது. அதைப் பற்றி எழுதுங்கோ சேர் என்று பெடியள் கேட்டதால் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“நாங்கள்” என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. விளையாடியது நாலு பேர், கீபோர்ட் ஒன்று. கொம்பியூட்டரும் வீடும் கணக்கு மாஸ்டருடையவை. அவருடைய மருமகன் ஒருவன், அவனுடைய கூட்டாளி ஒருவன். இருவரும் எங்களிடம் படித்து உயர்தரம் முடித்து இப்போது இருபது தாண்டியவர்கள். நாலாவது ஆள் இந்தப் பதிவை எழுதுகிற வரலாற்று வாத்தியார். வல்வெட்டித்துறையில் இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறுகிற அந்த ஆளைப் பலருக்குத் தெரியும். முடிவுகளை நாலு பேரும் சேர்ந்துதான் எடுத்தோம், சண்டை பிடித்துத்தான் எடுத்தோம். ஆகவே “நாங்கள்”.

இந்த வகைக் கேம் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். சுட்டுத் தள்ளிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும் விளையாட்டு அல்ல இது. ஒரு ஆளாக மாறி, அவனுடைய உடுப்பைப் போட்டு, அவனுடைய பசிக்குச் சாப்பிட்டு, அவன் என்ன கதைக்க வேண்டும் என்பதை நீங்களே தெரிவுசெய்து ஒரு வாழ்க்கையை நடத்துவது. பெரும்பாலான இந்த வகைக் கேம்களில் பறவை நாகமும் மந்திரக்கோலும் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. 1403ஆம் ஆண்டு, பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாடு. அண்ணன் தம்பி இரண்டு அரசர்களின் சண்டையில் நாடு கிழிந்து கிடக்கிறது. வென்செஸ்லாஸ் சிறையில், சிகிஸ்மண்ட் படையோடு வெளியில். இதெல்லாம் உண்மையாக நடந்தது. செய்தவர்கள் பிராக் நகரத்தில் உள்ள வோர்ஹோர்ஸ் என்ற நிறுவனம். இயக்குநர் டேனியல் வாவ்ரா. முதற் பாகத்துக்கு 2014இல் பொதுமக்களிடம் காசு சேர்த்துத் தொடங்கி, 2018இல் வெளியிட்டார்கள். தங்கள் நாட்டின் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தைத் தாங்களே கேமாக்கிவிட்டார்கள். வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இதைக் கேட்க எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கதாநாயகன் ஹென்றி. ஸ்கலிட்ஸ் என்ற சின்ன ஊரில் கொல்லன் மகன். முதற் பாகம் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் சிகிஸ்மண்டின் படை வந்து ஊரைக் கொளுத்துகிறது. தாயும் தகப்பனும் அவன் கண் முன்னாலேயே சாகிறார்கள். அவன் ஓடுகிறான். பிறகு, போகாதே என்று சொன்ன இடத்துக்குத் திருட்டுத்தனமாகத் திரும்பிப் போய் இருவரையும் அடக்கம் செய்கிறான். முதற் பாகத்தை நாங்கள் நாலு வருடத்துக்கு முன் கொரோனா முடக்க காலத்தில் விளையாடினோம். அந்த அடக்கம் செய்கிற இடத்தில் கணக்கு மாஸ்டர் எழும்பிப் போய்விட்டார். “தேத்தண்ணி போடப் போறன்” என்றார். தேத்தண்ணி வரவே இல்லை.

சரி, இரண்டாம் பாகத்துக்கு வருவோம்.

தொடர்ச்சியாக வருகிற எல்லாக் கேம்களுக்கும் ஒரு தலையிடி உண்டு. முதற் பாகத்தின் முடிவில் கதாநாயகன் பெரிய வீரனாகிவிட்டான். அடுத்த பாகத்தில் அவனை எப்படி மறுபடி ஒன்றுமில்லாதவனாக்குவது? சில கேம்களில் ஞாபக மறதி, சில கேம்களில் கப்பல் கவிழ்தல். இங்கே ஹென்றியும் அவனுடைய இளம் பிரபு ஹான்ஸ் கேப்பனும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ட்ரொஸ்கி கோட்டைக்குப் போகிறார்கள். வழியில் குளக்கரையில் கூடாரம். இரவில் கொள்ளைக்காரர் தாக்குகிறார்கள். கூட வந்தவர்கள் செத்துப்போக, இருவரும் காயத்தோடு தப்பி, ஒரு மருத்துவிச்சியின் குடிசையில் கண் விழிக்கிறார்கள். கடிதம் இல்லை, குதிரை இல்லை, வாள் இல்லை, காசு இல்லை. காயத்தால் உடம்பும் பழைய உடம்பு இல்லை. கோட்டை வாசலில் போய் “நான் பிரபு” என்று ஹான்ஸ் சொன்னால் காவலன் சிரிக்கிறான். அதோடு போகாமல் ஊர்ச் சாராயக் கடையில் ஒரு சண்டை. இருவரையும் தலையும் கையும் மாட்டும் மரச் சட்டத்தில் நிறுத்தி ஊர் பார்க்க வைக்கிறார்கள். அங்கே நின்றபடியே இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிப் பிரிகிறார்கள்.

இந்தத் தொடக்கம் மிக நீளம் என்று வெளிநாட்டில் சிலர் முறைப்பட்டிருக்கிறார்கள். இரண்டு, மூன்று மணித்தியாலம் போகும், உண்மைதான். எங்களுக்கு அது நீளமாகத் தெரியவில்லை. ஒரு நாளில் எல்லாவற்றையும் இழந்து, தான் யார் என்று நிரூபிக்க ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் ஒரு வாசலில் நிற்பது எப்படி என்று இந்தத் தீவில் எங்கள் வயதுக்காரர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் கேம் உண்மையாகத் தொடங்குகிறது. ஹென்றி தனியாக நிற்கிறான். உடுப்பில் இரத்தமும் சேறும். கடைக்காரன் மூக்கைப் பொத்துகிறான். குளித்து, உடுப்புத் தோய்த்துப் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனால் அதே ஆள் “வாங்கோ” என்கிறான். நல்ல உடுப்பு என்றால் பொய்யும் எடுபடுகிறது. இரவில் ஊருக்குள் தீப்பந்தம் இல்லாமல் நடந்தால் காவலர் மறிக்கிறார்கள். முதல் இரவு மருமகன் இருட்டில் பதுங்கிப் பதுங்கிப் போக, கணக்கு மாஸ்டர் பின்னால் இருந்து சத்தம் போட்டார்: “வெளிச்சத்தைப் பிடிச்சுக்கொண்டு நடு ரோட்டால நட தம்பி. ஓரத்தால போறவனைத்தான் சந்தேகப்படுவாங்கள்.” ஊரடங்குக் காலத்தில் வளர்ந்தவருக்கு எந்தக் கேமும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்தோம், காவலன் பேசாமல் விட்டான்.

இங்கே ஒரு சிக்கல், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க. இந்தக் கேமில் விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்க ஒரு வகை மது குடிக்க வேண்டும். நினைத்த நேரம் பொத்தானை அமத்திச் சேமிக்க முடியாது. அந்த மது விலை கூட. அளவுக்கு மிஞ்சினால் ஹென்றி தள்ளாடுகிறான். இது கொஞ்சம் குசும்பான ஏற்பாடு. அடிக்கடி சேமித்து அடிக்கடி பின்னுக்குப் போகிறவனுக்கு எந்த முடிவும் பாரமில்லை. அதைத் தடுக்கத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள். “சேர், ஹராம் சேர்!” என்று பெடியளுக்கு ஒரே சிரிப்பு. இன்னொரு வழியும் உண்டு: சொந்தக் கட்டிலில் படுத்துத் தூங்கினால் தானாகச் சேமிக்கும். கேமை மூடும்போதும் சேமிக்கும். ஆகவே எங்கள் ஹென்றி ஊரிலேயே அதிகம் தூங்கிய ஹென்றி. எங்களுக்குள் ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம்: எடுத்த முடிவு பிடிக்கவில்லை என்று பின்னுக்குப் போகக் கூடாது.

கோட்டைக்குள் போக ஒரு வழி, பக்கத்து ஊர்ப் பிரபு வீட்டுக் கலியாணத்துக்கு எப்படியாவது நுழைவது. அதற்கு இரண்டு பேரில் ஒருவரிடம் வேலைக்குச் சேர வேண்டும். ஒருவர் கொல்லர். மற்றவர் மா அரைக்கும் ஆலைக்காரர், ஆனால் அவர் தருகிற வேலைகள் இரவு வேலைகள், களவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் ஆலை என்றான், மூன்று பேர் கொல்லர் என்றோம். கொல்லர் வென்றார்.

அந்த உலைதான் இதுவரை எங்களுக்கு மிகப் பிடித்த இடம். முதற் பாகத்தில் ஒரு குறை எல்லோரும் கவனித்தது: கொல்லன் மகன் என்று பெயர், ஆனால் கேம் முழுக்க ஒரு தடவையும் இரும்பு அடிக்கவில்லை. சாணை பிடித்ததோடு சரி. இரண்டாம் பாகத்தில், எல்லாம் இழந்த பிறகு அவனுக்குக் கிடைக்கிற முதல் நேர்மையான வேலையே வேறு ஒருவருடைய பட்டறையில் சுத்தியல் பிடிப்பது. இரும்பை உலையில் வைத்துத் துருத்தியை ஊத வேண்டும். நிறம் பார்த்து எடுக்க வேண்டும். பட்டடையில் வைத்து ஒரு பக்கம் அடித்து, பிரட்டி மறு பக்கம் அடித்து, ஆறிப்போனால் மறுபடி உலை. கடைசியில் தண்ணீரில் தோய்த்தால் அந்த ‘ஸ்ஸ்’ சத்தம். அவசரப்பட்டால் வாள் தரம் குறைந்து வரும். நாலு பேரும் மாறி மாறி அடித்தோம். கூட்டாளிப் பெடியன் அடித்ததுதான் நல்லாக வந்தது. தகப்பன் வழியில் தச்சு வேலைக் குடும்பம். பேரனாருக்கு முந்திய தலைமுறை இங்கே கப்பல் கட்டுமிடத்தில் வேலை செய்தவர்கள் என்று வீட்டில் சொல்வார்களாம்.

அந்த இடத்தில் பேச்சு அன்னபூரணிக்குப் போனது தவிர்க்க முடியாதது. வெளியூர் நண்பர்களுக்காக: அன்னபூரணி என்பது வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் அதை வாங்கினார். புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிப்போய் 1938இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆனால் தெரிந்தது அவ்வளவுதான்: போனது, சேர்ந்தது. மரத்தை எப்படி வளைத்தார்கள், மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் தண்ணி வராமல் எதை அடைத்தார்கள் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் யாருக்கும் சொல்லத் தெரியாது. செக் நாட்டுப் பெடியனுக்கு 600 வருடத்துக்கு முன்னைய கொல்லன் எந்த நிறத்தில் இரும்பை வெளியே எடுத்தான் என்று இனி விரலுக்கே தெரியும். “எங்கட கப்பலை வைச்சு ஒண்டு செய்யேலாதோ சேர்?” என்று மருமகன் கேட்டான். செய்யலாம். முதலில் மிஞ்சியிருக்கிற பெரியவர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும். கீபோர்டைத் தொடுவது அதற்குப் பிறகு.

மொழியைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். கேமை முழுமையாகச் செக் மொழிக் குரலிலும் கேட்கலாம். முதற் பாகம் வெளிவந்தபோது அந்த வசதி இருக்கவில்லை. சொந்த நாட்டுக் கதையை அவர்களே ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள். ஒரு இரவு முழுக்கச் செக் குரலில் வைத்து, ஆங்கில எழுத்தைக் கீழே வாசித்து விளையாடினோம். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் ஊர்ச் சண்டை ஊர்ச் சண்டை மாதிரிக் கேட்டது. செக் மொழி பேசுகிறவர்கள் ஒரு கோடியைச் சற்றுத் தாண்டுவார்கள், அவ்வளவுதான். தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை கோடி என்று உங்களுக்குத் தெரியும்.

வாத்தியார் என்ற முறையில் முதற் பாகத்தின் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதில் ஹென்றிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும், எங்களாலும் வாசிக்க முடியாது. ஒரு எழுத்தரிடம் போய் நாட்கணக்கில் படித்த பிறகுதான் சொற்கள் ஒவ்வொன்றாக நேராகும். வாசிப்பில் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எங்களுக்குக் காட்டவில்லை. இரண்டாம் பாகத்தில் ஹென்றிக்கு வாசிக்கத் தெரியும். படித்ததை அவனிடமிருந்து பறிக்கவில்லை. வாளும் குதிரையும் போனாலும் எழுத்து மிஞ்சியிருக்கிறது. அதில் எங்களுக்கு ஒரு தனிச் சந்தோசம்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த இடத்துக்கு வருகிறோம்.

ஸ்கலிட்ஸைக் கொளுத்திய படையில் கூமன் என்ற இனத்தார் இருந்தார்கள். முதற் பாகத்தில் அவர்கள் வெறும் எதிரிகள். முகமூடித் தலைக்கவசம், புரியாத மொழி, கண்டால் வெட்டு. அதுமட்டுமல்ல, கொன்ற கூமனின் காதை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் தலைவன் ஒருவன் காசு தருவான். வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், நாலு வருடத்துக்கு முன் நாங்கள் நிறையக் காது சேர்த்தோம். யாரும் எதுவும் யோசிக்கவில்லை. கேம் யோசிக்க விடவில்லை.

இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கக் கதை. ட்ரொஸ்கி பக்கத்துக் காட்டில் கூமன்கள் ஒளிந்திருப்பதாக ஊரில் பயம். தேடிப் போனால் சிலர் இருக்கிறார்கள்தான். ஆனால் படையை விட்டு வந்துவிட்டவர்கள். அவர்கள் மொழி ஹென்றிக்குத் தெரியாது. நடுவில் ஒருவன் மொழிபெயர்க்கிறான். இப்போது தெரிவு எங்கள் கையில். வாளை உருவலாம். அல்லது அவர்களோடு உட்கார்ந்து குடிக்கலாம்.

மவுஸ் அப்போது கூட்டாளிப் பெடியன் கையில். அவன் அசையவில்லை. கேம் நின்று காத்துக்கொண்டிருந்தது. அவனுடைய பேரனாரின் கடையும் வீடும் 1989 ஓகஸ்டில் எரிந்தவை. அவன் பிறக்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு அறையும் அவனுக்குத் தெரியும், எந்தச் சுவரில் எந்தப் படம் தொங்கியது என்பது வரை. அவ்வளவு தடவை கேட்டிருக்கிறான்.

“இருந்து கதை மச்சான்” என்றான் மருமகன்.

“நீ ஏன் சொல்லுறாய்? உன்ர வீடே எரிஞ்சது?”

மாஸ்டர் தலையிடவில்லை. நாலாவது ஆளும் வாயைத் திறக்கவில்லை, திறப்பதற்கு ஒரு கதை இருந்தும். எங்களில் அந்த ஒருவரின் குடும்பம் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, படித்து, வாத்தியாராகி, இந்த ஊருக்கு இடமாற்றம் வந்த அன்று உம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: “அந்த ஊருக்கா மகன்?” அதற்கு மேல் அன்று முழுக்கப் பேசவில்லை. இங்கே வந்து முதல் மாதம், அந்தக் கேள்வியை ஒவ்வொரு தெருவிலும் காவிக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. மாஸ்டர் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டார். இருவரும் கன நேரம் கணிதப் பெறுபேறுகளைப் பற்றி மட்டும் கதைத்தோம். மற்றதைக் கதைக்க இன்னும் ஒரு வருடம் எடுத்தது.

இதெல்லாம் பெடியளுக்குத் தெரியும். ஆகவே கூட்டாளி திரும்பி, “சேர், நீங்கள் எண்டா என்ன செய்வியள்?” என்று கேட்டபோது அது கேமைப் பற்றிய கேள்வி இல்லை என்று நாலு பேருக்கும் விளங்கியது. பதிலுக்கு வரலாற்று வாத்தியார் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். கூமன்கள் துருக்கிய மொழி பேசிய மேய்ச்சல் இனத்தார். மொங்கோலியர் துரத்தியதால் ஓடிவந்தவர்கள். 1239இல் ஹங்கேரி அரசன் நான்காம் பேலா அவர்களை உள்ளே விட்டான். அதற்குப் பிறகு அந்த அரசர்களுக்காகச் சண்டை பிடிப்பதே அவர்கள் பிழைப்பாயிற்று. அதாவது ஸ்கலிட்ஸைக் கொளுத்த வந்தவன் வீடு எரிந்து ஓடி வந்தவனின் பேரனுக்குப் பேரன்.

“அதுக்கு?” என்றான் அவன்.

நியாயமான கேள்வி. அதுக்கு ஒன்றுமில்லை. எரித்தவனின் பாட்டன் அகதி என்பதால் எரிந்த வீடு திரும்பி வராது.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உட்காரும் தெரிவை அமத்தினான். ஹென்றி குடித்தான், நாங்கள் பிளேன்டீயும் பனங்கட்டியும். கூமன்கள் பாடினார்கள், கூத்தடித்தார்கள். சிரிப்பாக இருந்தது, சிரித்தோம். கேமை மூடிய பிறகு, முதற் பாகத்தில் காது சேர்த்ததைப் பற்றி மருமகன்தான் முதலில் எடுத்தான். அன்று செருப்புகள் பன்னிரண்டு மணி வரை கிடந்தன.

அந்தக் காட்சியில் எங்களுக்கு ஒரு குறையும் உண்டு. கூமன்களைக் குடித்துக் கும்மாளமிடும் பகிடிக்காரர்களாக்கிவிட்டதால் அவர்களோடு உட்காருவது இலகுவாகிவிடுகிறது. படையை விட்டு வந்தவர்கள் வேறு. இதே ஆள் இன்னும் படையில் இருந்து, சிரிக்காமல், மன்னிப்பும் கேட்காமல் முன்னால் இருந்தால்? அந்த இடத்துக்குக் கேம் இதுவரை எங்களைக் கொண்டுபோகவில்லை. ஆனாலும் ஒன்று. முதற் பாகத்தில் முகமில்லாமல் வெட்டுப்பட்டவனுக்கு அதே ஆட்கள் இரண்டாம் பாகத்தில் முகமும் மொழிபெயர்ப்பாளனும் கொடுத்திருக்கிறார்கள். தொடர்ச்சி என்றால் பெரிய வரைபடம், புதிய ஆயுதம் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது எதிர்பாராதது. (புதிய ஆயுதமும் உண்டு: குறுக்கு வில், ஆரம்ப காலக் கைத்துப்பாக்கி. வாள் வீசும் திசைகளை ஐந்திலிருந்து நாலாகக் குறைத்து இலகுவாக்கியிருக்கிறார்கள். பெடியளுக்கு முக்கியம் என்பதால் சொல்கிறோம்.)

இனி மூஸா. கேம் வெளிவர முன்னரே இணையத்தில் ஒரு சண்டை நடந்தது. மாலி நாட்டைச் சேர்ந்த மூஸா என்ற முஸ்லிம் அறிஞர், மருத்துவர், இரண்டாம் பாகத்தில் ஒரு பாத்திரமாக வருகிறார். 1403இல் பொஹீமியாவில் கறுப்பு முஸ்லிமா, வலிந்து புகுத்துகிறார்கள் என்று ஒரு கூட்டம் குதித்தது. நாங்கள் இன்னும் அவரைச் சந்திக்கவில்லை. அவர் குட்டன்பெர்க் பக்கத்தில், இரண்டாவது வரைபடத்தில் வருவார். ஆகவே பாத்திரம் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல இயலாது. ஆனால் “நடக்கவே முடியாது” என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து வாத்தியாரிடம் ஒரு பதில் இருக்கிறது. 1344இல் மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா இந்தத் தீவில் இறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்துக் கரையில் சந்தித்தார். அரசருக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதி வைத்திருக்கிறார். எட்டு வருடம் கழித்து, 1352இல், அதே மனிதர் மாலி நாட்டு அரசவையில் நிற்கிறார். எங்கள் அரசரையும் மாலி அரசரையும் ஒரே சோடிக் கண் பார்த்திருக்கிறது. ஹென்றியின் கதை நடந்து ஆறு வருடத்தில், 1409ஆம் ஆண்டு இட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் சீனர் பொறித்த கல் காலியில் கிடைத்தது. இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. அந்தக் கால மனிதர் நாங்கள் நினைப்பதைவிட நிறைய நடந்திருக்கிறார்கள். மாலியில் இருந்து ஒரு மருத்துவர் பொஹீமியாவுக்குப் போனதற்கு ஆவணம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. போகவே முடியாது என்பது வரலாறு தெரியாத பேச்சு.

பெற்றோருக்கு: இது பிள்ளைகளுக்கான கேம் அல்ல. ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள், சரியாகத்தான் குத்தியிருக்கிறார்கள். இரத்தம், தூசணம், குடி, சூது, ஆண் பெண் உறவுக் காட்சிகள் எல்லாம் உண்டு. எங்கள் இரண்டு பெடியளும் வளர்ந்தவர்கள், பக்கத்தில் இரண்டு வாத்திமார் வேறு. சில காட்சிகளில் நாலு பேரும் கூரையைப் பார்த்தோம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை கேட்டால் “இல்லை” என்று சொல்லுங்கள், எங்கள் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

கொம்பியூட்டரும் நல்லதாக இருக்க வேண்டும். 100 ஜிபி இடம் வேண்டும், 16 ஜிபி ரேம் வேண்டும். தரவிறக்க மாஸ்டர் வீட்டு இணையத்துக்கு மூன்று இரவு பிடித்தது. பழைய மெசினில் முதற் பாகம் மெதுவாக ஓடும், இது ஓடவே ஓடாது.

முதற் பாகம் விளையாடாமல் இதைத் தொடங்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். தொடங்கலாம், கதையை இடையிடையே ஞாபகப்படுத்துகிறார்கள். ஆனால் ஸ்கலிட்ஸ் எரிவதைப் பார்க்காமல், காது சேர்க்காமல், அந்தக் கூமன் இரவுக்கு வந்தால் அது வெறும் குடிக் கூத்தாகத்தான் தெரியும். முதற் பாகம் இப்போது மலிவு.

கலியாண வீடு முடிந்துவிட்டது, என்ன நடந்தது என்று சொல்ல மாட்டோம். குட்டன்பெர்க் நகரம் இன்னும் பாக்கி. இன்று குட்னா ஹோரா என்று அழைக்கப்படும் அந்த வெள்ளிச் சுரங்க நகரத்தைத் தெருத் தெருவாகக் கட்டியிருக்கிறார்களாம். ஆனால் பெடியள் இருவரும் இந்திர விழா அலங்கார வேலைக்குப் போய்விட்டார்கள், எங்களுக்கு விடைத்தாள் கட்டு வந்துவிட்டது. விழா முடிந்த பிறகுதான் இனி. அதுவரை ஹென்றி சொந்தக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறான். விளையாடி முடித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள். மூஸா நல்ல மனிதரா என்று மட்டும், ஆம் இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லலாம். உம்மா கேட்கிறார்.